மகன் இரண்டாம் தரம் பிறந்த கதை

1

என் மகன் இரண்டாம் தரம் பிறந்து இந்தக் கிழமையோடு ஒரு வருடமாகிறது. அதற்குக் கேக் வாங்குவதா இல்லையா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வாங்கத்தான் வேண்டும் என்பது என் மனைவி ஜசிந்தாவின் கட்சி. ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஒரு கேக் போதும் என்பது என் கட்சி. பிள்ளைக்கு முப்பது வயது நெருங்குகிறது என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். அன்ரன் ஏதோ பெரிய விபத்தில் தப்பினான் என்று நினைத்து யாரும் தொலைபேசி எடுத்துவிடாதீர்கள். போன கோடையில் அவன் இங்கே ஒரு குளத்தில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தான். அவன் போகும் சபையில் அதை மறுபடி பிறப்பது என்கிறார்கள். நாங்களோ பாசையூர்க் கத்தோலிக்கர். எங்கள் பரம்பரையில் ஒருவரும் ஒரு தரத்துக்கு மேல் பிறந்ததில்லை.

அவன் முதல் தரம் பிறந்ததைப் பதிவதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டுமென்றால் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதுவும் மூலப்பிரதி வேண்டும் என்று இங்கத்தைய பதிவு அலுவலகத்து அம்மணி சொன்னார். எங்கள் ஊரில் பதிவுக் கந்தோர் மேல் ஷெல் விழுந்து எல்லாம் எரிந்து போயிற்று என்று சொன்னேன். அவர் மிகவும் கவலைப்பட்டார். கவலைப்பட்ட பிறகு, ஷெல் விழுந்ததற்கு அத்தாட்சிப் பத்திரம் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

இரண்டாம் பிறப்புக்காவது இந்த நாட்டில் அலுவலகம் இராது என்று நினைத்தேன். அதிலும் பிழைவிட்டேன். அந்தக் கதை பிறகு வரும்.

2

நாங்கள் இருப்பது ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில். நான் ஒரு பெரிய லோண்டரியில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் துவாயும் லொறியில் வந்து இறங்கும். கழுவி, உலர்த்தி, மடித்து அனுப்புவோம். இந்த வேலைக்கு வந்தபோது இரண்டு வருடம் பார்ப்போம் என்றுதான் வந்தேன். இப்போது பென்சனுக்கு எத்தனை வருடம் என்று கேட்கிற ஆளாகிவிட்டேன்.

அன்ரன் பிறந்தபோது வேலையும் இல்லை, வீடும் இல்லை. அகதி முகாமில் ஓர் அறையில் இருந்தோம். ஜசிந்தாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பிறந்த பிள்ளை என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கிலும் காலிலும் குழாய்களைப் பூட்டியிருந்தார்கள். டாக்டர் நிறையச் சொன்னார். சொன்னது பாதி விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் விளங்கியது.

சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்த ஒன்று அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சுவாமியார்தான் வரவேண்டும் என்றில்லை. தண்ணீரும் அந்த வார்த்தைகளும் இருந்தால் போதும். எனக்கு அதை ஜேர்மன் மொழியில் கேட்கத் தெரியாது. தாதியைக் கூப்பிட்டு, பிள்ளையைக் காட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டினேன். அவ அங்குமிங்கும் பார்த்துவிட்டு என் கைகளைக் கழுவ வைத்தா. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவைத் திறந்துவிட்டு, இரண்டே இரண்டு விரல் என்று தன் விரல்களைக் காட்டினா.

தண்ணீருக்கு எங்கே போவது? மேசையில் தாய்மாருக்கென்று ஒரு போத்தல் இருந்தது. மூடியைத் திறந்தேன். போத்தல் சீறியது. கடதாசிக் கோப்பைக்குள் ஊற்றினேன். தண்ணீர் கொதிப்பது போலக் குமிழிவிட்டது, தொட்டால் குளிர்ந்தது. இந்த நாட்டில் சனங்கள் சோடாவைத்தான் தண்ணீர் என்று குடிப்பார்கள் என்பது முகாமில் பைப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஏதோ ஆஸ்பத்திரிச் சரக்கு என்று நினைத்தேன். யோசிக்க நேரமில்லை. விரல்களை நனைத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று தரம் உச்சியில் வைத்தேன். அன்ரன் என்று வைத்த பெயர் அந்தோனியாருடையது. அப்போது வாயில் வந்தது அவர்தான்.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு அழுதது. பிறந்ததிலிருந்து ஒருவரும் கேட்காத சத்தம் அது, பூனைக்குட்டியின் சத்தம். தாதி சிரித்தா, பிறகு மூக்கை உறிஞ்சினா. நான் அந்த இடத்தில் அப்படியே அழுதேன்.

பிள்ளை தேறிய பிறகு இங்கத்தைய பங்குச் சுவாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வயதான ஜேர்மன்காரர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். தண்ணீர்தானா, வேறு ஏதும் கலந்திருந்ததா என்று கேட்டார். வாயுவைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில், வாயு வெளியே போய்விடும், தண்ணீர் தண்ணீர்தான் என்று சொல்லிப் புத்தகத்தில் பதிந்தார். ஜேர்மன்காரர் ஒன்றைப் பதிந்துவிட்டால் அது நடந்ததுதான். அதற்குமேல் என்ன வேண்டும்?

இந்தக் கதையை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வேன். சின்ன வயதில் அன்ரன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான், சோடாப் போத்தலைத் திறந்து தன் தலையில் தானே தெளிப்பான். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, அப்பா, பெடியள் முன்னால வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு அவன் பிறந்தநாளுக்கு வீட்டில் நிற்பதே குறைந்துவிட்டது.

3

பிள்ளைகள் தூரப் போவதைப் பற்றி இங்கிருந்து எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். தமிழ் பேசவில்லை, புட்டு சாப்பிடவில்லை, கோவிலுக்கு வரவில்லை என்று பெரிய பட்டியலே உண்டு. நானும் அப்படித்தான் புலம்பிக்கொண்டு திரிந்தேன். பிள்ளை எனக்குப் பக்கத்து அறையிலேயே இருந்துகொண்டு தூரப் போகலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்ரன் பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் படித்தான். ஊரில் உள்ள எல்லோருக்கும் அதைச் சொல்லியிருந்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஒரு சோதனையில் தவறினான், அடுத்ததற்குப் போகவில்லை. கூடப் படித்த பெடியள் வேலைக்குப் போனார்கள். விரும்பியிருந்த பெண்பிள்ளை விலகிப் போனாள். ஒருநாள் தன் உடுப்புகளோடு வீட்டுக்கு வந்து, பழைய அறைக்குள் போய், றோலாடனை இறக்கினான்.

றோலாடன் என்பது இங்கே யன்னலுக்கு வெளியே மேலிருந்து கீழே இறக்கிவிடுகிற மறைப்பு. நம்மூர்க் கடைகளை இரவில் இழுத்து மூடுகிற இரும்புக் கதவை மெலிதாகச் செய்து யன்னலுக்குப் பூட்டினதுபோல இருக்கும். உள்ளே ஒரு பட்டியைப் பிடித்து இழுத்தால் கடகடவென்று மேலே போகும். இறக்கிவிட்டால் நடுப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு.

ஒன்றரை வருடத்துக்கு மேல் அது இறங்கியே கிடந்தது.

முதலில் கண்டுபிடித்தது கீழ்வீட்டு வேபர் அம்மாதான். எங்கள் கட்டடத்தின் ஒழுங்குகளுக்கெல்லாம் அவதான் காவல். குப்பையைப் பிரித்துப் போடவில்லை, மத்தியானம் சுவரில் ஆணி அடித்தோம், படிக்கட்டில் குடை வைத்தோம் என்று மாதத்துக்கொரு தரமாவது கதவைத் தட்டுவா. அந்த முறை கதவைத் தட்டி, மேல் யன்னல் இத்தனை நாளாகத் திறக்கவில்லையே, யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டா. மகனுக்குப் படிப்பு அதிகம் என்றேன். அவ நம்பவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனா.

டாக்டரிடம் போக அவன் ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்காயிற்று. அதற்குப் பிறகு டெர்மின், அதாவது டாக்டரைச் சந்திக்க நாள், கிடைக்க இன்னும் மாதங்கள். வாழ விருப்பமில்லாத பிள்ளைக்கு அடுத்த பங்குனியில் வாருங்கோ என்று சொல்கிற நாடு இது. மாத்திரை தந்தார்கள், அது கொஞ்சம் உதவியது, நித்திரை வந்தது. றோலாடன் மேலே போகவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் அவன் கதவில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால்தான் சப்பாத்தைப் போடுவேன். ஜசிந்தாவுக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்தேன். நான் போன பிறகு அவளும் அதையே செய்தாளாம்.

நான் அந்தோனியாரிடம் போனேன். இங்கே எங்களுக்குத் தமிழ்ச் சுவாமியார் ஒருவர்தான். ஊர்கள் பல. அவர் காரில் ஓடி ஓடிப் பூசை வைப்பார். அதனால் உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உயிர்த்த ஆண்டவர் எங்கள் ஊர்த் தமிழருக்கு அடுத்த சனிக்கிழமை பின்னேரம்தான் உயிர்ப்பார். ஜேர்மன்காரர் முட்டைகளைத் தின்று முடித்து, தெருவில் தொங்கவிட்ட அலங்காரங்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நாங்கள் கோவிலுக்குள் நின்று அல்லேலூயா பாடுவோம். அந்தப் பாஸ்குத் திருநாளுக்கும் அடுத்ததற்கும் மெழுகுதிரி கொளுத்தி, அந்தோனியாரே, உம்முடைய பெயரை வைத்திருக்கிறான், எழுப்பிவிடும் என்று கேட்டேன். திறப்பு, மோதிரம் என்று காணாமல் போனதையெல்லாம் தேடிக் கொடுக்கிறவர், ஒரு பிள்ளையைத் தேடித் தரமாட்டாரா?

4

அவர் என் கோரிக்கையை வேறு கந்தோருக்கு மாற்றிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வந்தவன் யோனாஸ்.

யோனாஸ் அன்ரனோடு சின்ன வயதில் பந்தடித்த ஜேர்மன் பெடியன். தாடி வைத்திருப்பான், மழைக்கும் அரைக் காற்சட்டைதான். அவன் ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தவன். அவர்களுக்குக் கோபுரமோ மணியோ சுரூபமோ கிடையாது. மேசை கதிரை விற்ற ஒரு பழைய தளபாடக் கடையை வாடகைக்கு எடுத்துக் கும்பிடுகிறார்கள். சனிக்கிழமைகளில் பழைய சைக்கிள்களைத் திருத்திப் புதிதாக வந்த அகதிகளுக்குக் கொடுப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை வந்து, அன்ரனின் கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்தான். பைபிளை எடுப்பான், நல்லாக ஏசி அனுப்பலாம் என்று நான் குசினியில் தயாராக நின்றேன். அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. உங்கள் நிலத்தடிக் கீழறையில் வைத்து ஒரு சைக்கிளைத் திருத்தலாமா, எங்கள் இடத்தில் இடம் போதவில்லை என்று கேட்டான். பிறகு மூடியிருந்த கதவைப் பார்த்து, சில்லைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், முடிந்தால் வா என்றான். கதவு திறக்கவில்லை. தனியாகப் போய்த் திருத்திவிட்டு, ஜசிந்தா கொடுத்த றோல்ஸைத் தின்றுவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும் வந்தான். மாரி முழுக்க வந்தான். றோல்ஸுக்காக வருகிறான் என்று ஜசிந்தாவிடம் சொன்னேன். அப்படியென்றால் இன்னும் கூடச் செய்கிறேன் என்றாள்.

ஒருநாள் கதவு திறந்தது. அன்ரன் தாடியும் மயிருமாக வெளியே வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. காலில் செருப்பும் இல்லாமல் கீழறைக்கு இறங்கிப் போனான். நானும் ஜசிந்தாவும் படிக்கட்டின் மேலே நின்று ஒட்டுக் கேட்டோம். சில்லுச் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வசந்தத்தில் றோலாடன் மேலே போயிற்று. முதலில் பாதி, பிறகு முழுக்க. அன்ரன் ஒரு சைக்கிள் கடையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யோனாஸோடு தளபாடக் கடைக் கோவிலுக்குப் போகத் தொடங்கினான். நான் சந்தோஷப்பட்டேன். கூடவே எரிச்சலும் பட்டேன். மெழுகுதிரி கொளுத்தினது நான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது அவர்கள்.

இங்கே பார்சல்காரன் வரும்போது நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கதவில் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போவான். நாங்கள் போய் மணியடித்து, நன்றி சொல்லி, எங்களுடைய சாமானை அவர்கள் கையால் வாங்க வேண்டும். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

5

ஒரு பின்னேரம் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அன்ரன் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, ஆடி மாசம் எனக்கு ஒரு டெர்மின் இருக்கு. நீங்களும் அம்மாவும் வரவேணும்."

டாக்டரிடம் என்று நினைத்துக் கோப்பையைக் கீழே வைத்தேன். என்ன டெர்மின் என்று கேட்டேன். ஞானஸ்நானம் என்றான். யாருக்கு என்று கேட்டேன். தனக்கு என்றான்.

"உனக்கு நான் குடுத்திட்டன்," என்றேன்.

அது நீங்கள் எடுத்த முடிவு, இது நான் எடுக்கிற முடிவு என்று பொறுமையாகச் சொன்னான். அந்தப் பொறுமைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நீ பிறந்ததும் நாங்கள் எடுத்த முடிவுதான், அதையும் திரும்பச் செய்யப்போகிறாயா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஓம் என்றான், ஏறக்குறைய அதுதான் என்றான். பிறகு இன்னொன்றையும் சொன்னான். அவர்கள் சபையில் முழுக்குப் பெறுகிறவரை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடிப்பார்களாம். ஒரு பக்கம் பாஸ்டர். மற்றப் பக்கம், முழுக்குப் பெறுகிறவர் கேட்கிற ஆள்.

"மற்றப் பக்கம் நீங்கள் பிடிக்கவேணும், அப்பா."

"ஏலாது," என்றேன். "வேணுமெண்டால் வந்து கரையில நிக்கிறன். என்ர கால்விரல் கூட அந்தத் தண்ணியில படாது."

அவன் எழுந்து போய்விட்டான். அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நானும் ஜசிந்தாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறைப்பு இறங்குகிற சத்தம் வருமா என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அது வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஜசிந்தாவிடம் நியாயம் கேட்டேன். ஒரு தரம் கழுவினதைத் திரும்பக் கழுவுகிற வழக்கம் எங்கேயாவது உண்டா என்றேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"உங்கட வேலையே அதுதானே," என்றாள்.

தமிழ்ச் சுவாமியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வழக்கம்போலக் காரில் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் ஒன்றே ஒன்றுதான், அதில் சந்தேகமே இல்லை என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் மரியதாஸ், என்று என் பெயரைச் சொல்லி ஏதோ தொடங்கினார். அந்த இடத்தில் கார் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டது. இணைப்பு அறுந்தது. அந்த ஆனாலுமுக்குப் பிறகு என்ன வந்தது என்று தெரியவில்லை. திரும்ப எடுத்துக் கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை.

இனி அலுவலகக் கதை. மணல் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து குளமான இடங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அப்படி ஒன்றில்தான் முழுக்கு. அதற்கு நகராட்சிக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம் போட வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், இசைக்கருவி உண்டா, எத்தனை பேர் முழுதாக நனைவார்கள் என்றெல்லாம் எழுத வேண்டுமாம். அனுமதியும் கிடைத்தது. அதற்குள் வெயில் கூடி, குளத்தில் பாசி பிடித்து, குளிக்கத் தடை என்று பலகை நட்டுவிட்டார்கள். மறுபிறப்பு ஒத்திவைக்கப்பட்டது. நகராட்சியே என் பக்கம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்ரனும் கூடச் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அறைக்குள் போய்ப் பாசி சீக்கிரம் போகட்டும் என்று அந்தோனியாரிடம் கேட்டேன். அவர் நன்றாகக் குழம்பியிருப்பார்.

6

தண்ணீரைச் சோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். பலகையைப் பிடுங்கினார்கள். ஒரு ஞாயிறு காலையில் போனோம்.

நான் பூசைக்குப் போகிற உடுப்பில் போனேன். புதுத் தோல் சப்பாத்து. இது என்னுடைய கொண்டாட்டமில்லை என்பதை என் உடுப்பே சொல்லட்டும் என்று நினைத்தேன். கையில் ஒரு துவாய் கொண்டு போனேன். மற்ற எதிலும் பங்கில்லாவிட்டாலும் துவாயில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜசிந்தா எடுத்து வைத்த சின்னதை மாற்றி, பெட்டிக்கு அடியில் கிடந்த பெரிய வெள்ளையை எடுத்துக்கொண்டேன். வெள்ளை என்று தெரிந்துதான் எடுத்தீர்களா என்று கேட்டாள். எங்கள் முறையில் ஞானஸ்நானம் முடிந்ததும் பிள்ளைக்கு வெள்ளை போர்த்துவோம். தண்ணீரை நல்லாக உறிஞ்சும், அதுதான் என்று சமாளித்தேன்.

கரையில் கித்தார் அடித்துப் பாடினார்கள். ஒருபக்கம் கேக்கும் உருளைக்கிழங்குச் சாலட்டும். மறுபக்கம் வேறு சனங்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் தண்ணீருக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தது. பாஸ்டரும் அரைக் காற்சட்டைதான். பீடமுமில்லை, சாம்பிராணியுமில்லை. மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குறை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அன்ரன் வெள்ளைச் சட்டையோடு முன்னால் வந்தான். முழுக்குப் பெறுகிறவர் எல்லோருக்கும் முன்னால் பேசவேண்டுமாம். ஜேர்மன் மொழியில் தொடங்கினான். இருட்டறையைப் பற்றிச் சொன்னான். உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைத்த நாட்கள் உண்டு என்று எந்த மறைப்பும் இல்லாமல் சொன்னான். எங்களுக்கு அது தெரியும், ஆனால் அவன் வாயால் கேட்டதில்லை. ஜசிந்தா என் கையைப் பிடித்தாள். பிறகு எங்களைப் பார்த்து, தட்டித் தடவித் தமிழுக்கு வந்தான்.

"அப்பா எனக்கு சோடாத் தண்ணியில ஞானஸ்நானம் குடுத்தவர். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அண்டைக்கு, நான் உயிரோட இருக்கவேணும் எண்டு அப்பா கேட்டவர். நான் கேக்கேல்லை, எனக்கு அப்ப வாய் இல்லை. பிறகு வாய் இருந்த காலத்திலயும் நான் அதைக் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் முதல் தரமா நானே கேக்கிறன்."

அங்கே நின்ற ஜேர்மன்காரர் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிராது. அது எங்கள் இரண்டு பேருக்காக மட்டும் சொன்னது.

பாஸ்டரும் யோனாஸும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, இடுப்பளவு தண்ணீருக்குப் போனான். யோனாஸ் ஒரு தரம் கரையைத் திரும்பிப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். நான் துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஸ்டர் கேள்வி கேட்டார், இவன் ஓம் சொன்னான். அவர் சொன்ன வார்த்தைகள் எனக்குத் தெரிந்தவைதான். பிதா சுதன் பரிசுத்த ஆவி. அன்றைக்கு நான் சொன்ன அதே மூன்று பெயர்கள்.

பின்புறமாகச் சாய்த்தார்கள். தலை தண்ணீருக்குள் போயிற்று.

ஒரு மூச்சு நேரம்கூட இராது. ஆனால் பிள்ளையைக் காணவில்லை. மேலே தண்ணீர் மூடிக் கிடந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்ற அத்தனை காலையும் அந்த ஒரு மூச்சுக்குள் எனக்குத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, ஜசிந்தா சொல்லித்தான் தெரியும்.

அவன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பினான். முகத்தைச் சுளித்தான். வாயைத் திறந்து மூச்சை இழுத்து, எல்லோருக்கும் முன்னால், வெட்கமில்லாமல் அழுதான். நான் அவனுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீரில், புதுச் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தேன். துவாயின் ஒரு நுனி மிதந்துகொண்டிருந்தது. யோனாஸ் மெதுவாகக் கையை எடுத்து விலகி எனக்கு இடம் விட்டான்.

துவாயால் தலையைச் சுற்றினேன். தோளைச் சுற்றினேன். பல்லுக் கிடுகிடுக்க நின்ற பிள்ளையை அப்படியே சேர்த்துப் பிடித்தேன். அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு விரல்தான் அனுமதி. இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க எத்தனையோ கிழமை காத்திருந்தேன். என்னைவிட உயரமான இந்த ஆளைப் பிடித்தபோது அந்தக் காத்திருப்பு முடிந்ததுபோல இருந்தது.

"அப்பா, உங்கட சப்பாத்து," என்றான்.

"அது கிடக்கட்டும்," என்றேன்.

அவன் கேட்டபடி மற்றப் பக்கத்தை நான் பிடித்துத்தான் இருக்கிறேன். கொஞ்சம் பிந்தினேன், அவ்வளவுதான். எங்கள் தமிழ்ப் பாஸ்குவும் பிந்தித்தான் வரும், அதற்காக யாரும் ஆண்டவர் உயிர்க்கவில்லை என்று சொல்வதில்லை.

7

நான் சபை மாறிவிட்டேன் என்று ஊரில் கதை கட்ட வேண்டாம். நான் கத்தோலிக்கன்தான். ஞானஸ்நானம் ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்கிறேன், அன்ரன் இல்லை என்கிறான், சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்கிறோம். சண்டை பிடிக்கப் பிள்ளை மேசையில் இருக்கிறான். சப்பாத்து திருத்த முடியாமல் போய்விட்டது. துவாயை நானே கழுவி, மடித்து, தனியாக வைத்திருக்கிறேன். யோனாஸுக்கு இன்னும் றோல்ஸ் போகிறது. பக்கத்து வீட்டில் மணியடித்துப் பார்சல் வாங்க இப்போது முன்னைப்போல எரிச்சல் வருவதில்லை.

கேக்கும் நேற்றுச் சொல்லிவிட்டேன். சின்னதுதான்.

எல்லா நாளும் நல்ல நாளில்லை. சில காலைகளில் றோலாடன் மேலே போகப் பிந்தும். அப்போது நானும் ஜசிந்தாவும் குசினியில் பேச்சை நிறுத்திவிட்டு, தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு இருப்போம். மாத்திரையும் இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார். குளத்தில் இறங்கினால் எல்லாம் போய்விடும் என்று அவனும் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறான். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பித் தானே கேட்கிறான். என் செபத்தின் பாரம் இப்போது பாதி குறைந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை வேபர் அம்மா கதவைத் தட்டினா. சபையில் கதிரை அடுக்குகிற முறை இவனுடையது. விடியப்புறமே எழும்பி, றோலாடனை ஒரே இழுவையாக மேலே இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அமைதி நாள், இந்த நேரத்தில் இப்படிக் கடகடவென்று சத்தம் போடலாமா, வீட்டு ஒழுங்கு தெரியாதா என்று கேட்டா. அவ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மகனிடம் சொல்லி வைக்கிறேன் என்றேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை. முதல் பாஸ்கு ஞாயிறு விடியற்காலையில் ஆண்டவரின் கல்லறையை மூடியிருந்த அந்தப் பெரிய கல் புரண்டபோதும் அயலில் யாராவது ஒருவர் நித்திரை குழம்பி எழும்பியிருப்பார்.